ஸ்லைடு ஃபிலிம்களை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்லைடில், அதாவது நெகட்டிவ் இல்லாமல் நேராகப் படமே பதியும் ஃபிலிமில், எக்ஸ்போஷர் (விழும் ஒளியின் அளவு) கொஞ்சம் தப்பினாலும் படம் போச்சு என்பது எல்லாருக்கும் தெரியும், அதை விடுகிறேன். பழைய ஸ்லைடுகளை எடுத்துவைத்து ஒப்பிட உட்காரும் புதியவர்கள், ஒரு காலத்தில் நாங்கள் செய்த அதே காரியங்களைச் செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

வேகம் குறைந்தால் கிரெய்னும் குறையும் என்று நம்புவது

வேகம் என்பது ஃபிலிமின் ஒளி உணர்திறன், பெயரில் வரும் 50, 100 அதுதான். கிரெய்ன் என்பது படத்தில் தெரியும் மணல் போன்ற புள்ளிகள். ஃபியூஜியின் தரவுத்தாளைப் பாருங்கள். வெல்வியா 50-க்கு கிரெய்னை அளக்கும் ஆர்எம்எஸ் எண் 9, புரோவியா 100எஃப்-க்கு 8. வேகமான ஃபிலிமில்தான் கிரெய்ன் குறைவு. கோடாக்கின் கோடாக்ரோம் 64-க்கு 10. ஆனாலும் லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) வைத்துப் பார்த்தால் இலை நுனியும் தலைமுடியும் அதில் அவ்வளவு கூர்மை.

ஸ்கேனை வைத்து நிறம் சொல்வது

வேண்டாம். ஸ்லைடையே லைட் பாக்ஸில் (அடியிலிருந்து ஒளி தரும் பெட்டி) வைத்துப் பாருங்கள்.

கோடாக்ரோம் மங்காது என்று புரொஜெக்டரில் போடுவது

இதற்குத்தான் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. நண்பர் ஒருவர், மாமனார் எடுத்த கோடாக்ரோம் ஸ்லைடைத் திரையில் நிறுத்திவிட்டு கிரெய்னைப் பற்றிப் பேசுகிறார். டீ வருகிறது, குடிக்கிறோம், ஸ்லைடு அப்படியே நிற்கிறது. அணைக்கச் சொன்னால், "நூறு வருஷம் தாங்கும்னு நீங்கதானே சொன்னீங்க?" என்கிறார். சொன்னேன்தான். இருட்டில் என்றும் சொன்னேன்.

கோடாக்ரோமில் நிறத்தை உண்டாக்கும் கப்ளர்கள் என்ற வேதிப்பொருள்கள் ஃபிலிமுக்குள் கிடையாது. கழுவும்போது டெவலப்பர் திரவத்திலிருந்து வருபவை. வேலை முடிந்தபின் மிச்சம் எதுவும் உள்ளே தங்காது. அதனால் பெட்டிக்குள் வைத்தால் பல தலைமுறை நிற்கும். புரொஜெக்டர் விளக்கு வேறு கதை. புகைப்படங்கள் எவ்வளவு காலம் மங்காமல் தாங்கும் என்று ஆராய்ந்த ஹென்றி வில்ஹெல்ம் செய்த சோதனைகளில் அந்த ஒளியில் சீக்கிரம் மங்கியது கோடாக்ரோம்தான், அதிகம் தாங்கியது ஃபியூஜியின் ஸ்லைடு ஃபிலிமான ஃபியூஜிக்ரோம். இன்று ஐந்து நிமிடம், நாளை பத்து நிமிடம் என்று விழுகிற ஒளியெல்லாம் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். முகத்தின் வெளிர் பகுதிகளில் சாயம் போனபின் மீட்க நெகட்டிவும் இல்லை. புதிதாக எடுத்துக்கொள்ளலாம் என்றால், கோடாக் 2009-இல் தயாரிப்பை நிறுத்திவிட்டது. அமெரிக்காவில் கான்சாஸின் பார்சன்ஸ் ஊரில் கோடாக்ரோம் கழுவிய கடைசிக் கூடமும் 2010 முடிவில் ஃபிலிம் வாங்குவதை நிறுத்தியது. திரையில்தான் பார்க்க வேண்டுமென்றால் நகல் எடுத்துப் போடுங்கள்.

எல்லா எக்டாக்ரோமும் ஒன்று என்று நினைப்பது

எக்டாக்ரோம் கோடாக்கின் இன்னொரு ஸ்லைடு ஃபிலிம். சிவந்துபோன ஐம்பதுகளின் எக்டாக்ரோமைக் காட்டி, 2018-இல் திரும்பி வந்த எக்டாக்ரோம் இ100-ஐக் குறை சொல்லாதீர்கள். பெயர் ஒன்று, ஃபிலிம் வேறு. கோடாக் கழுவிய ஸ்லைடாக இருந்தால் மவுன்ட்டில் (ஸ்லைடைச் சுற்றியுள்ள சட்டம்) பெரும்பாலும் மாதமும் ஆண்டும் இருக்கும். முதலில் அதைப் பாருங்கள்.

ஸ்லைடுகளை பிவிசி பிளாஸ்டிக் உறையில் வைப்பது

உறையை இன்றே தூக்கிப் போடுங்கள்.