அன்பியத்தில் தாழ்ச்சியைப் பற்றிப் பேசப் போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் எங்கள் பங்குக் கோயிலில் ஆறு இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்தோம், அன்பியக் கூட்டங்களில், அதாவது பங்கின் அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்து செபிக்கிற சிறு குழுக்களில், இறைவார்த்தை விளக்கம் சொல்வதற்கு. முதல் தலைப்பை அவர்களே தேர்ந்தெடுக்கலாம் என்றோம். நாலு பேர் தாழ்ச்சியை எடுத்தார்கள். ஆச்சரியமில்லை. இருபது வருடத்துக்கு முன்னால் நானும் அதைத்தான் எடுத்தேன். புதிதாக வருகிறவனுக்கு அது சுலபமான தலைப்பாகத் தெரியும். தாழ்ச்சி கூடாது என்று யார் எழுந்து சண்டை போடப் போகிறார்கள்? பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். என் பழைய தவறுகள் ஒவ்வொன்றாக வேறு வேறு வாயிலிருந்து வந்தன.

அரை மணி நேரம் மைக்கை விடாமல் அடக்கத்தைப் பற்றிப் பேசுவது, புதுச் சட்டையைச் சரிசெய்துகொண்டே எளிமையைப் பற்றிப் பேசுவது, இதையெல்லாம் நான் எழுத வேண்டியதில்லை. வீட்டில் அம்மாவே சொல்லிவிடுவார்.

தெரிந்ததைத் தெரியாது என்பது

பாட்டுக்குழுவில் ஒரு பையன், நல்ல குரல். பாடச் சொன்னால் "எனக்கு ஒண்ணும் வராது" என்பான். மூன்று முறை கெஞ்ச வேண்டும், அப்புறம் பாடுவான். அந்தக் கெஞ்சலும் அவனுக்கு வேண்டியிருக்கிறது என்பது அவனைத் தவிர எல்லாருக்கும் தெரியும்.

பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகம், 15ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். திருத்தூதர்களில் நான் கடைசி ஆள் என்கிறார். அடுத்த மூச்சிலேயே, அவர்கள் எல்லாரையும்விட நான்தான் அதிகம் உழைத்தேன் என்கிறார், உழைத்தது நானல்ல, என்னோடு இருந்த கடவுளின் அருள் என்றும் சேர்த்துக்கொள்கிறார். மூன்றும் அவருக்கு உண்மை. கடலுக்கடியில் எந்தப் பார், எந்தப் பாறைத்திட்டு எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஆள் படகில் உட்கார்ந்துகொண்டு "எனக்கு என்ன தெரியும்" என்று அடக்கமாக இருந்தால் படகு பாரில் ஏறிவிடும்.

புயலுக்குக் காரணம் கண்டுபிடிப்பது

நீதிமொழிகள் 16:18, அழிவுக்கு முன்னால் அகந்தை வரும் என்ற வசனம். இதைத் தலைகீழாகத் திருப்பி, அழிந்தவர்கள் எல்லாரும் அகந்தை பிடித்தவர்கள் என்று முடிவு கட்டுவது இந்தக் கரையில் பழைய வியாதி. தனுஷ்கோடியை 1964 டிசம்பர் 22ஆம் தேதி ராத்திரி புயல் கொண்டுபோனது. பயணிகளோடு ரயிலும் போனது. கோயில், தபால் நிலையம், ரயில் நிலையம் எதையும் விட்டுவைக்கவில்லை. மாதா கோயிலின் இடிந்த சுவரை இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம். பயிற்சிக்கு வந்த ஒரு தம்பி, அந்த ஊர் ஆட்டம் போட்டது, ஆண்டவர் அடக்கினார் என்று சொன்னான். என் பக்கத்தில் இருந்த பெரியவருடைய தாய்மாமன் குடும்பம் அந்தப் புயலில் போனது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தார்கள். அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகளா என்று கேட்டுவிட்டு, இல்லை என்று இயேசுவே பதிலும் சொல்கிறார் (லூக்கா 13:4-5). அதற்கு மேல் நாம் சொல்ல என்ன இருக்கிறது?

சோப்புப் போட்டுக் கழுவிய கால்

இயேசு சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்து, பெரிய வியாழனன்று கோயிலில் சாமியார் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவுவார். அந்தப் பன்னிரண்டு பேரும் வீட்டிலேயே காலைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வந்து உட்காருகிறோம். என் காலை நீர் கழுவவே கூடாது என்று பேதுரு மறுத்ததும் ஒரு வகைப் பெருமைதான் என்பதைச் சொல்ல விட்டுவிடாதீர்கள்.

உள்ளூர் உதாரணம்

வேண்டாம். பெயர் சொல்லாமலும் வேண்டாம். நூற்றைம்பது வீட்டு ஊரில் பெயர் எதற்கு?

அடிபட்டவரிடம் போய்த் தாழ்ச்சி கேட்பது

இதை எழுதத்தான் உட்கார்ந்தேன். அந்த நாலு பேரில் இரண்டு பேர் இதைச் செய்தார்கள். எனக்கு எழுந்து வெளியே போய்விடலாம் போலிருந்தது.

நான் விளக்கம் சொல்ல ஆரம்பித்த இரண்டாவது வருடம். எங்கள் அன்பியத்தில் பாசி எடுக்கிற ஒரு அக்கா இருந்தார். தென்கடலில் மூச்சைப் பிடித்து மூழ்கி, பாறையில் ஒட்டியிருக்கிற மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் பிய்த்தெடுக்கிற வேலை. பாறை கிழிக்கும் என்று விரல் ஒவ்வொன்றுக்கும் துணி சுற்றிக்கொள்வார்கள். சுற்றினாலும் கிழிக்கும். கரையில் காயப்போட்டு, மூட்டை கட்டி, வியாபாரியிடம் எடைக்குப் போட வேண்டும். மண்ணுக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று வியாபாரி கழிப்பார். மூட்டைக்கு மூன்று கிலோவாக இருந்த கழிவு அந்த வருடம் ஐந்து கிலோ ஆனது. அந்த வியாபாரியும் எங்கள் அன்பியம்தான். திருவிழாவில் ஒரு நாள் செலவு அவருடையது. அக்கா அவரிடம் முன்பணம் வாங்கியிருந்தார்.

ஒரு புதன்கிழமை ராத்திரி. செபமாலை முடிந்து மன்றாட்டு நேரம். அக்கா எழுந்து, "எடை போடுறவங்க மனசு நேரா இருக்கணும்னு ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்" என்றார். அவ்வளவுதான். பாதிப் பேர் பழக்கத்தில் "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று பதிலும் சொல்லிவிட்டார்கள். வியாபாரி எழுந்துவிட்டார். கோயில் காரியத்தில் தன்னை அவமானப்படுத்துகிறார்கள் என்று சத்தம். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். விளக்கம் சொல்கிறவன் நான்தானே.

பிலிப்பியர் 2:3ஐ விரித்தேன். வீண் பெருமை வேண்டாம், மனத்தாழ்மையோடு மற்றவர்களை உங்களைவிட உயர்ந்தவர்களாக எண்ணுங்கள் என்ற வசனம். பத்து நிமிடம் பேசினேன், பார்வை முழுக்க அக்கா பக்கம். கடைசியில், "தாழ்ந்து போறதுதான் கிறிஸ்தவம், அக்கா. ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுருங்க" என்றேன். "சரி தம்பி" என்றார். கேட்டார். கும்பிட்ட கையில் ஒரு விரலில் துணிச் சுற்று அவிழாமல் அப்படியே இருந்தது.

ஆளாளுக்கு என்னைப் பாராட்டினார்கள். வியாபாரி டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தேன். அந்த டீயை நினைத்தால் இன்றைக்கும் வாய் கசக்கிறது.

அதற்குப் பிறகு எங்கள் அன்பியத்தில் எடையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. பாசி எடுக்கிற பெண்கள் ஏழெட்டுப் பேர் வருவதே நின்றது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வருவார்கள், கூட்டத்துக்கு வரமாட்டார்கள். கழிவு ஐந்து கிலோவிலேயே நின்றது.

பல வருடம் கழித்து, 2016இல், பாதம் கழுவும் சடங்கில் பெண்களையும் சேர்க்கலாம் என்று திருத்தந்தை பிரான்சிஸ் விதியை மாற்றினார். அந்தப் பெரிய வியாழனுக்குப் பன்னிரண்டு பேரில் ஒருவராக உட்காரச் சொல்லி அக்காவிடம் கேட்கப் போனேன். இப்படியாவது கணக்கைத் தீர்க்கலாம் என்று ஒரு நினைப்பு. பாசியைப் பரப்பிக்கொண்டிருந்தவர் நிமிரக்கூட இல்லை. "கால நானே கழுவிக்கிறேன் தம்பி. எடைய ஒழுங்காப் போடச் சொல்லுங்க."

பேதுருவும் இப்படித்தான் மறுத்தார் என்று விளக்கம் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. நல்லவேளை, மூடிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அதே அதிகாரத்தை எடுத்தேன். அன்றைக்கு 3ஆம் வசனத்தோடு நிறுத்தியிருந்தேன். 6ஆம் வசனத்திலிருந்து என்ன வருகிறது? கடவுள் வடிவில் இருந்தவர், அந்த நிலையைப் பிடித்து வைத்துக்கொள்ளாமல், தம்மையே வெறுமையாக்கி அடிமையின் வடிவம் எடுத்தார். இறங்கியவர் மேலே இருந்தவர். அக்கா எங்கே இருந்து இறங்குவது? அவர் ஏற்கெனவே கழுத்தளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். நான் அந்த வசனத்தை வாசித்திருக்க வேண்டியது தராசு பிடித்த ஆளிடம்.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. "தம்மைத்தாமே தாழ்த்துவோர் உயர்த்தப்பெறுவர்" என்று எத்தனை தடவை வாசித்திருப்பேன். தம்மைத்தாமே என்று இருக்கிறது. அடுத்தவரைப் பிடித்துத் தாழ்த்துவதற்கு அந்த வாக்கியத்தில் இடமே இல்லை. அதை இயேசு யாரிடம் சொன்னார் என்றும் பாருங்கள். லூக்கா 14இல் விருந்தில் முதல் இடத்துக்கு முண்டியடித்தவர்களிடம். 18இல் தங்களை நேர்மையாளர்கள் என்று நம்பி மற்றவர்களை இகழ்ந்தவர்களிடம். கடைசி இடத்தில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்த யாரிடமும் போய், இன்னும் கொஞ்சம் கீழே இறங்கு என்று அவர் சொல்லவில்லை. மாதாவின் பாடலில் வலியவர்கள் அரியணையிலிருந்து இறங்குகிறார்கள், தாழ்ந்தவர்கள் ஏறுகிறார்கள். அதை நாம் ராகம் போட்டுப் பாடிவிட்டு, கூட்டத்தில் வேறு மாதிரி நடத்துகிறோம்.

சரி, அடிபட்டவர் வாய் திறந்தால் தாழ்ச்சி கெட்டுவிடுமா? தலைமைக் குருவின் முன்னால் காவலன் அறைந்தபோது, நான் தப்பாகப் பேசியிருந்தால் அதைக் காட்டு, சரியாகப் பேசியிருந்தால் ஏன் அடிக்கிறாய் என்று இயேசு கேட்டார் (யோவான் 18:23). பவுலையும் சீலாவையும் அடித்துச் சிறையில் போட்டார்கள். மறுநாள் சத்தமில்லாமல் போகச் சொன்னபோது பவுல் மறுத்தார். ரோமைக் குடிமக்களான எங்களை விசாரிக்காமல் பலர் முன்னால் அடித்தார்கள், அவர்களே வந்து கூட்டிக்கொண்டு போகட்டும் என்றார் (திருத்தூதர் பணிகள் 16). அது நடந்த ஊர் எது தெரியுமா? பிலிப்பி. நான் அக்காவின் வாயை மூட எடுத்த வசனம், பிறகு அதே பவுல் அந்த ஊர்க்காரர்களுக்கு எழுதியது.

ஓரியூரில் உயிர்விட்ட புனிதர் அருளானந்தரையும் (ஜான் டி பிரிட்டோ) இப்படித்தான் பாதியில் நிறுத்துகிறார்கள். போர்த்துக்கல் பிரபு வீட்டுப் பிள்ளை, காவி உடுத்தி, புலால் மறுத்து வாழ்ந்தார் என்பதோடு தாழ்ச்சிக்கு உதாரணம் முடிந்துவிடும். 1686இல் அவரைப் பிடித்து வதைத்து, இனி மறவ நாட்டில் போதிக்கக்கூடாது என்று விட்டார்கள். அவர் திரும்பவும் வந்தார். 1693 பிப்ரவரி 4இல் தலையை வெட்டினார்கள். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அக்காவிடம் நான் மன்னிப்புக் கேட்டேனா என்றால், கேட்டேன். தனியாக. கூட்டத்தில் வைத்துக் குனிய வைத்துவிட்டு, தனியாகப் போய் மன்னிப்புக் கேட்பது எந்த ஊர்த் தாழ்ச்சி என்று என் மனைவி கேட்டாள். பதில் வரவில்லை. அடுத்த புதன்கிழமை கூட்டத்தில் எழுந்து சொன்னேன். அக்கா வந்திருக்கவில்லை. வியாபாரி இருந்தார்.

வசன எண் மாறிப்போவது

யாரும் சாக மாட்டார்கள். திருத்துகிறவரிடம் நன்றி சொல்லிவிட்டு மேலே போங்கள்.

பேசி முடித்த பிறகு

"நல்லாப் பேசினீங்க தம்பி" என்பார்கள். கண்ணை மூடி மேலே பார்த்து "எல்லாம் ஆண்டவர்" என்று இழுக்க வேண்டாம். நன்றி என்று சொல்லிவிட்டுப் பாயைச் சுருட்டக் குனியுங்கள். எங்கள் அன்பியத்தில் இன்னும் அதைப் பெண்கள்தான் சுருட்டிக்கொண்டிருக்கிறார்கள்.