கவுன்சிலர் தலையாட்டினா பிளான் பாஸ் ஆயிடாது

தென்னாப்பிரிக்காவுல டர்பன்ல கட்டட பிளான் வரையிற வேலைக்குப் புதுசா வர்ற பசங்களப் பாக்குறேன், நாங்க அப்போ அடிச்ச அதே கூத்த அச்சு மாறாம அடிக்கிறாங்க. ஃபார்ம்ல கையெழுத்து விட்டுப்போறது, ஃபீஸ் கட்டாம விடறதெல்லாம் கவுண்டர்லயே மாட்டிக்கும், அத விடுங்க.

கவுன்சிலர் பேச்ச நம்பி அஸ்திவாரம் தோண்டுறது

இத நெனச்சா இன்னும் பத்திக்கிட்டு வருது. இங்க டர்பன்லயே சாட்ஸ்வொர்த் ஏரியாவுல ஒருத்தர், பின்பக்கம் வாடகைக்கு விட ரெண்டு ரூம் போடணும்னு என்கிட்ட வந்தாரு, பிளான் உள்ள போயிருக்கு, பதில் வரல, அதுக்குள்ள வார்டு கவுன்சிலர் வந்து டீ குடிச்சிட்டு "ஆரம்பிங்க அங்கிள், நான் பாத்துக்கறேன்"ன்னு சொல்லிட்டுப் போக, இவரு சிலாப் வரைக்கும் போட்டுட்டாரு. பக்கத்து வீட்டுக்காரங்க புகார் குடுத்தாங்க, இன்ஸ்பெக்டர் வந்து வேலைய நிறுத்தினாரு, கவுன்சிலர் ஃபோனே எடுக்கல.

எழுத்துல அப்ரூவல் இல்லாம கட்டக்கூடாதுன்னு 1977ஆம் வருஷத்துக் கட்டடச் சட்டமே சொல்லுது, கோர்ட் இடிக்கவும் சொல்லலாம். 500 சதுர மீட்டருக்குக் கீழன்னா முனிசிபாலிட்டி 30 நாள்ல முடிவு சொல்லணும், அந்த 30 நாள் பொறுக்க முடியலையாம்! 2013ல டர்பன் பக்கத்துல டோங்காட்ல கட்டிக்கிட்டிருந்த மால் இடிஞ்சு ரெண்டு பேர் செத்தாங்களே, அங்கயும் பிளான் அப்ரூவல் இல்ல, கோர்ட் நிறுத்தச் சொல்லியும் வேல நடந்துச்சு.

சரி, அரசியல் எங்கதான் உள்ள வருது? ஸோனிங், அதாவது எந்த நிலத்த எதுக்குப் பயன்படுத்தலாம்ங்கறத மாத்துற மாதிரி மனுன்னா, ஸ்ப்ளூமாங்கிற நிலப் பயன்பாட்டுச் சட்டப்படி அத முடிவு பண்ற முனிசிபாலிட்டி டிரிபியூனல்ல கவுன்சிலர் மெம்பராவே இருக்க முடியாது. ஆனா அதுக்கு மேல அப்பீல் போனா, வெளிக் குழு எதுகிட்டயும் ஒப்படைக்கலன்னா, அது மேயர்கிட்டயோ நிர்வாகக் குழுகிட்டயோதான் போகும், அவங்க ஓட்டு வாங்கி வந்தவங்க. அதனால டிரிபியூனல்ல ஜெயிச்ச அன்னிக்கே பார்ட்டி வைக்காதீங்க, பாதிக்கப்பட்டவங்க அப்பீல் போட 21 நாள் இருக்கு.

அக்கம்பக்கத்துக்காரங்க போடற எதிர்ப்பு லெட்டர "சும்மா அரசியல்"னு ஒதுக்கறது

பார்க்கிங், தண்ணி வடிகால், சத்தம்னு அதுல எழுதியிருக்கிற ஒவ்வொண்ணுக்கும் பதில் எழுதுங்க, யாரு தூண்டிவிட்டாங்கன்னு ஆராய்ச்சி வேண்டாம்.

கவர் குடுக்கறது

வேண்டாம். ஜெயில்.

எலெக்ஷன் நேரத்துல மனு போடறது

கம்பத்துல போஸ்டர் ஏறிடுச்சுன்னா உங்க மனு எவனாவது ஒரு வேட்பாளருக்கு மீட்டிங்ல பேச மேட்டர் ஆயிடும். அவசரம் இல்லன்னா எலெக்ஷன் முடியட்டும். அவசரம்னா மனு பத்தின நோட்டீஸ் ஒட்டறதுக்கு முன்னாடியே அக்கம்பக்கத்து வீட்டுக்கெல்லாம் பிளானத் தூக்கிட்டுப் போய்க் காட்டிட்டு வாங்க.