யார்க்‌ஷயர் பார்க்கின்: சுட்டதும் சாப்பிடக் கூடாத கேக்

நவம்பர் 5 அன்று பார்க்கின் வேண்டுமென்றால் அக்டோபர் 30-க்குள் சுட்டு முடித்துவிடுங்கள். 1605-இல் லண்டன் நாடாளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்கும் சதியில் பிடிபட்ட கை ஃபாக்ஸ், யார்க் நகரில் பிறந்தவர். அந்தச் சதி முறிந்த நவம்பர் 5-ஐ இங்கிலாந்தில் நெருப்பு மூட்டிக் கொண்டாடுவார்கள். வட இங்கிலாந்தில் யார்க், லீட்ஸ் நகரங்கள் பக்கம் அந்த இரவுக்கான பலகாரம் பார்க்கின். சுக்கு மணக்கும், கருத்த, பிசுபிசுப்பான கேக்.

சாதாரண ஜிஞ்சர் கேக் வேறு, இது வேறு. வித்தியாசம் ஓட்ஸில் இருக்கிறது. குளிரும் ஈரமுமான வட இங்கிலாந்தில் கோதுமையைவிட ஓட்ஸ் எளிதாக விளைந்தது. இதற்கு வேண்டியது கஞ்சிக்கு வாங்கும் அவல் மாதிரியான ஓட்ஸ் அல்ல. ‘மீடியம் ஓட்மீல்’ என்று விற்கும், ரவை பருமனில் உடைத்த ஓட்ஸ். அவல் ஓட்ஸ் ஏற்கெனவே ஆவியில் வெந்து நசுங்கியது. அதை அப்படியே போட்டால் கேக் குழைந்துபோகும். வேறு வழியில்லை என்றால் அதை மிக்ஸியில் போட்டு, விட்டு விட்டு இரண்டு மூன்று சுற்று ஓட்டி ரவையாக்கிக்கொள்ளலாம். பெரிய துண்டுகளாக நறுக்கிய ஸ்டீல் கட் ஓட்ஸ் வேண்டவே வேண்டாம், பல்லில் நெருடும்.

20 செ.மீ. சதுர டின்னுக்கு அளவு: ஓட்மீல் 170 கிராம், மைதா 170, வெண்ணெய் 170, பிளாக் ட்ரீக்கிள் (கருத்த, கெட்டியான சர்க்கரைப் பாகு) 120, கோல்டன் சிரப் (பொன்னிறச் சர்க்கரைப் பாகு) 120, கரும்பழுப்புச் சர்க்கரை 100, பால் 100 மி.லி., முட்டை 1, சுக்குப்பொடி இரண்டரை டீஸ்பூன், ஜாதிக்காய்ப்பொடி கால் டீஸ்பூன், சமையல் சோடா 1 டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. ட்ரீக்கிளைக் கரண்டியால் அளந்தால் பாதி கரண்டியிலேயே ஒட்டிக்கொள்ளும். பாத்திரத்தைத் தராசில் வைத்து நேராக ஊற்றி நிறுத்துக்கொள்ளுங்கள்.

வெண்ணெய், ட்ரீக்கிள், சிரப், சர்க்கரை நான்கையும் சிறுதீயில் உருக்குங்கள். கொதிக்கக் கூடாது. கொதித்தால் நீர் வற்றிப் பாகு முற்றிவிடும், கேக்கின் ஓரமெல்லாம் மிட்டாயாக இறுகும். விரல் சூடு தாங்கும் வரை ஆறவிடுங்கள். அவசரப்பட்டு முட்டையை விட்டால் திரிதிரியாக வெந்துவிடும்.

ஓட்மீல், மைதா, பொடிகள், உப்பு, சலித்த சோடா எல்லாவற்றையும் கலந்து நடுவில் குழி செய்து, ஆறிய பாகை ஊற்றிக் கிளறுங்கள். பிறகு பாலில் அடித்த முட்டையைச் சேருங்கள். கலவை இட்லி மாவைவிடத் தளர்வாக, தானாக ஊற்றுகிற பதத்தில் இருக்கும். தண்ணியாகிவிட்டதே என்று மைதாவைக் கூட்டுகிறவர்கள் நிறையப் பேர். கூட்டாதீர்கள். ஓட்மீல் வேகும்போது அந்த ஈரத்தை எல்லாம் குடித்துவிடும். ட்ரீக்கிளில் உள்ள அமிலம் பட்டதும் சோடா பொங்கத் தொடங்கும், அதனால் தாள் விரித்த டின்னில் உடனே ஊற்றி ஓவனுக்குள் வையுங்கள்.

150 டிகிரி செல்சியஸில் (ஃபேன் ஓவன் என்றால் 135) 55 முதல் 65 நிமிடம். முதல் 40 நிமிடம் கதவைத் திறக்க வேண்டாம், நடுப்பகுதி குழிந்துவிடும். சோடா அதிகமானாலும் அதே குழிதான், கூடவே சோப்பு வாடை வேறு. சூடு கூடினால் சர்க்கரை கருகிக் கசப்பு ஏறும். நடுவில் குச்சி குத்தினால் மாவு ஒட்டாமல் வர வேண்டும், விரலால் அழுத்தினால் மெல்ல எழ வேண்டும்.

டின்னிலேயே முழுதாக ஆறவிடுங்கள். அன்றே வெட்டினால் உதிரும், வறட்சியாக இருக்கும். அதைப் பார்த்து, கெட்டுப்போனது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பேக்கிங் தாளில் சுற்றிக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். ஃப்ரிட்ஜ் வேண்டாம், அதில் கேக் இறுகும். ட்ரீக்கிளும் சிரப்பும் ஈரத்தைப் பிடித்துவைக்க, ஓட்மீல் அதை உறிஞ்சி மெதுவாக இளகும். நான்காம் நாள் டப்பாவைத் திறந்தால் மேல்தோல் பளபளத்துக் கிடக்கும், தாளை உரிக்கும்போது கேக்கோடு ஒட்டி இழுக்கும். அதுதான் பதம். கத்தியை வெந்நீரில் நனைத்துத் துடைத்துச் சதுரமாக வெட்டுங்கள். மிச்சத்தை அப்போதே மறுபடி சுற்றி மூடிவைத்தால் இரண்டு வாரம் தாங்கும்.