உடற்பயிற்சியும் கொழுப்பின் ஓமோன்களும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜனவரி பிறந்தால் நுவரெலியா கிரகரி வாவிக் கரையில் புதுச் சப்பாத்துகள் ஓட ஆரம்பித்துவிடும். நாங்கள் அந்தக் காலத்தில் செய்த அதே தவறுகளைப் புதியவர்களும் செய்கிறார்கள். சப்பாத்து, வார்ம் அப் பற்றியெல்லாம் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது கொழுப்பு சுரக்கும் ஓமோன்களைப் பற்றி.

அவற்றில் ஒன்றான லெப்டின் 1994இல் கண்டுபிடிக்கப்பட்டது. உடம்பில் எவ்வளவு கொழுப்பு கையிருப்பில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்வது அதுதான். அடிபொனெக்டின் என்ற இன்னொரு ஓமோன் இன்சுலினின் வேலையை எளிதாக்கும். கொழுப்பிலேயே சுரந்தாலும், கொழுப்பு கூடக் கூட அது குறையும்.

பட்டினி கிடந்து ஓடுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். காலையில் பிளேன்டீ, பகலுக்கு அரை ரொட்டி, இரவில் ஒன்றுமில்லை, நடுவில் ஒரு மணி நேர ஓட்டம். முதல் வாரம் எடை மளமளவென்று இறங்கும். அதில் பெரும்பகுதி தண்ணீர்.

சாப்பாட்டைத் திடீரென்று வெட்டினால், கொழுப்பு கரைவதற்கு முன்பே சில நாட்களில் லெப்டின் சரிந்துவிடும். மூளை அதைப் பஞ்சம் என்றே எடுத்துக்கொள்கிறது. பசி ஏறும், தைரொயிட் ஓமோன் இறங்கும், உடம்பு செலவைச் சுருக்கும். பெண்களுக்கு மாதவிடாயே நின்றுவிடலாம்.

ஹட்டனில் துணிக்கடையில் வேலை செய்த ஒரு தங்கச்சி கல்யாணத்துக்கு முன் இப்படித்தான் ஓடினாள். “கிலோ குறையுதுதானே அண்ணே, அப்புறம் என்ன?” என்றாள். கொஞ்ச நாளில் படியேறவே முடியாத களைப்பு, மாதவிடாயும் வரவில்லை. வீட்டில் ஓட்டத்தைக் குறை சொன்னார்கள். குறை இருந்தது தட்டில். டொக்டரிடம் அனுப்பினேன். பருப்பு, முட்டை, இரவுச் சோறு எல்லாம் திரும்பி வந்து சில மாதம் போன பிறகே உடம்பு வழிக்கு வந்தது.

இப்படிப் பட்டினி போடச் சொல்லும் பயிற்சியாளர்கள் இருக்கிறார்களே, என் கோபம் அவர்கள் மேல்தான். நாள் முழுக்க மலைச்சரிவில் ஏறி இறங்கிக் கொழுந்தெடுக்கும் பெண்களில் பலருக்கு ஏற்கெனவே இரத்தச்சோகை. அவர்களிடம் போய் இராச்சாப்பாட்டை விடச் சொல்வது கொடுமை. குறைக்கத்தான் வேண்டுமென்றால் பிளேன்டீச் சீனியில் தொடங்குங்கள். சோற்றைக் கொஞ்சம் குறைத்து, அந்த இடத்தில் பருப்பையும் கீரையையும் கூட்டுங்கள். கொழுப்பு மெதுவாகக் குறையும்போதும் லெப்டின் இறங்கும்தான், ஆனால் உடம்பு இந்த அளவுக்கு மிரளாது.

ஒரே நாளில் பலன் தேடுவது

அரை மணி ஓட்டம் ஒன்று லெப்டினைப் பெரிதாக அசைக்காது. வாரத்துக்கு 150 நிமிடமாவது வேக நடை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதை மாதக்கணக்கில் விடாமல் செய்ய வேண்டும்.

தராசை மட்டும் நம்புவது

அளவுநாடாவை எடுங்கள். நம் தெற்காசிய உடம்புக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரையும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரையும் தாண்டக்கூடாது. குடலைச் சுற்றிய கொழுப்புதான் அழற்சியைத் தூண்டும் பொருட்களை அதிகம் சுரக்கிறது. தராசு முள் அசையாதபோதும் உடற்பயிற்சியால் அந்தக் கொழுப்பு குறையலாம்.

மழைக்கோட்டுப் போட்டு ஓடுவது

போவது வியர்வை, கொழுப்பல்ல.

லெப்டின் மாத்திரை

லெப்டின் ஒரு புரதம், விழுங்கினால் செரித்துவிடும். வாங்காதீர்கள்.

தூக்கத்தை வெட்டி ஓடுவது

தூக்கம் குறைந்தால் பசி கூடும். இரவு வேலை முடிந்து வந்தவர் விடியற்காலையில் ஓட வேண்டியதில்லை. தூங்கி எழும்பி, மாலையில் நடந்தால் போதும்.