குக்கூ கடிகாரம்: சொல்வதிலும் வாங்குவதிலும் நேரும் பிழைகள்

மணிதோறும் சிறு பறவைப் பொம்மை கதவைத் திறந்து வந்து கூவும் குக்கூ கடிகாரத்தைச் சுவிட்சர்லாந்தின் பொருள் என்று சொல்வதுதான் மிகப் பரவலான தவறு. அதன் பிறப்பிடமாகப் பெயர் பெற்றது, தென்மேற்கு ஜெர்மனியில் உள்ள ஷ்வார்ட்ஸ்வால்ட் என்னும் கருங்காட்டு மலைப்பகுதி. சரிந்த கூரையுள்ள மலைவீட்டைப் போன்ற 'சாலே' வடிவம் மட்டும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சுவிட்சர்லாந்தில் தோன்றி, சுற்றுலாப் பயணிகளின் நினைவுப் பொருளாக விலைபோனது. குழப்பத்தின் வேர் அங்கே இருக்கிறது.

அடுத்தது, கருங்காட்டின் ஷோன்வால்ட் ஊரைச் சேர்ந்த கடிகாரக் கைவினைஞர் ஃபிரான்ஸ் ஆன்டன் கெட்டரரைக் கண்டுபிடிப்பாளர் என்று உறுதியாக எழுதுவது. ஜெர்மனியின் சாக்சனி பகுதி ஆட்சியாளருக்கு உரிய ஒரு குக்கூ கடிகாரத்தைப் பற்றி 1629ஆம் ஆண்டிலேயே ஆக்ஸ்பர்க் நகரத்துப் பிரமுகர் பிலிப் ஹைன்ஹோஃபர் குறித்து வைத்திருக்கிறார். கருங்காட்டுக்கு அது வந்த விதம் பற்றிய பழைய பதிவுகளும் ஒன்றோடொன்று முரண்படுகின்றன: 1796ஆம் ஆண்டில் எழுதிய ஃபிரான்ஸ் ஸ்டைரர் என்னும் பாதிரியார், 1742இல் இரு வணிகர்கள் ஒரு பொஹீமிய (இன்றைய செக் நாட்டுப் பகுதி) வியாபாரியிடம் அதைக் கண்டு வந்ததாகச் சொல்கிறார், 1810இல் எழுதிய மார்கஸ் ஃபிடெலிஸ் யெக் என்னும் மற்றொரு பாதிரியார், 1730களில் கெட்டரரே அதைச் செய்ததாகச் சொல்கிறார். பெயரைச் சொல்லுங்கள், ஆனால் 'என்பது மரபு' என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

பழம்பொருள் வாங்குவோர் பணத்தை இழப்பது வடிவத்தைத் தவறாகக் கணிக்கும்போதுதான். இலைகள் செதுக்கிய வீட்டு வடிவக் கடிகாரத்தை '18ஆம் நூற்றாண்டுச் சரக்கு' என்று ஒருவர் விற்றால் நம்ப வேண்டாம். அந்த நூற்றாண்டின் கருங்காட்டுக் கடிகாரங்கள், வண்ணப் பூக்கள் தீட்டிய மரப்பலகையை முகப்பாகக் கொண்டவை. 1850ஆம் ஆண்டில், கருங்காட்டு ஊரான ஃபுர்ட்வாங்கனில் இருந்த கடிகாரப் பள்ளியின் முதல் இயக்குநர் ராபர்ட் கெர்விக் புதிய வடிவங்களுக்கான போட்டியை அறிவித்தார். கருங்காடு அடங்கிய பாடன் நாட்டின் ரயில் பாதைக்குக் கட்டடங்கள் வரைந்த கட்டடக் கலைஞர் ஃபிரிட்ரிக் ஐசன்லோர், பாதைக் காவலர் வீட்டின் முகப்பையே கடிகாரமாக்கி அனுப்பினார். 'பான்ஹொய்ஸ்லே' எனப்படும் இந்த வடிவம் தொடக்கத்தில் கொடி படர்ந்த எளிய முகப்புதான். 1860ஐ ஒட்டிச் செதுக்கு வேலை புடைத்தெழுந்தது. 1862 முதல் கடிகாரக் கைவினைஞர் யோஹான் பாப்டிஸ்ட் பேஹா எலும்பில் செதுக்கிய முட்களையும் ஊசியிலை மரக் காய் வடிவ எடைகளையும் சேர்த்தார். கலைமான் தலையும் குறுக்கே சாத்திய துப்பாக்கிகளும் தொங்கும் முயலும் கொண்ட வேட்டைப் பாணியும் இவ்வழியில் வந்ததே. பறவையைக் கொண்டாடும் பொருளின் உச்சியில் துப்பாக்கியை வைத்த ரசனை எனக்கு இன்றும் பிடிபடவில்லை.

தமிழில் இதைக் 'குயில் கடிகாரம்' என்பதும் பொருந்தாது. இரண்டும் ஒரே பறவைக் குடும்பம் என்றாலும், நம் கருங்குயிலின் கூவல் மேலேறிச் செல்லும். சாம்பல் நிற ஐரோப்பியக் குக்கூவோ உயர்ந்த சுரத்தில் தொடங்கித் தாழ்ந்த சுரத்தில் இறங்கும். கடிகாரத்துக்குள் இரு சிறு துருத்திகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து விழ, உயரம் வேறுபட்ட இரு குழல்கள் அந்த இறக்கத்தைத்தான் ஊதுகின்றன.

புதிதாக வாங்கும்போது, தொங்கும் எடைகளை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. பேட்டரியில் ஓடுபவற்றில் அவை வெறும் அலங்காரம். மெக்கானிக்கல் கடிகாரத்தில் ஒரு நாள் வகை, எட்டு நாள் வகை என இரண்டு உண்டு. முன்னதற்குத் தினமும் சாவி கொடுக்க வேண்டும், அதாவது சங்கிலியின் எடையில்லா முனையைக் கீழே இழுக்க வேண்டும். எடையைக் கையால் தூக்கிக்கொண்டு இழுத்தால் சங்கிலி தளர்ந்து பற்சக்கரத்திலிருந்து நழுவிவிடும். நேரம் திருத்த நிமிட முள்ளை மட்டும், முன்னோக்கி மட்டும், பறவை கூவி முடிக்கும் வரை பொறுத்துத் திருப்ப வேண்டும். 'டிக்'கும் 'டாக்'கும் சம இடைவெளியில் கேட்காவிட்டால் கடிகாரம் சற்றுச் சாய்ந்து தொங்குகிறது என்று பொருள். பயணத்துக்காகப் பறவையின் கதவில் மாட்டிய சிறு கம்பியை விலக்க மறந்துவிட்டு, பறவை உள்ளேயே முட்டி நிற்க, இயந்திரம் பழுது என்று பழுதுபார்ப்பவரைத் தேடுவோரும் உண்டு.