மடியில் சாயாத சைபர்டெக்: பேட்டரியை எங்கே வைப்பது?

சைபர்டெக் என்றால் பாகங்களைச் சேர்த்து நாமே கட்டும் கையடக்கக் கணினி. ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறிய ஒற்றைப் பலகைக் கணினி, 7 அங்குலத் தொடுதிரை, நான்கு 18650 லித்தியம் பேட்டரி செல்கள், ஒரு கீபோர்டு. என் சைபர்டெக்கில் இருப்பது இவ்வளவுதான். ஓஎஸ் (இயங்குதளம்) ஏற்றுவது, ஒயர் இணைப்பு எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். கட்டி முடித்ததில் ஒரு மணி நேரமாவது வலியில்லாமல் தட்டச்சு செய்ய வேண்டும். இந்தப் பதிவு அதற்காக.

முதலில் அட்டைப்பெட்டி. 3டி பிரிண்டரை இப்போதைக்குத் தொடாதீர்கள். பாகங்களை அட்டையில் டேப் போட்டு ஒட்டி, மடியில் வைத்து அரை மணி நேரம் தட்டிப் பாருங்கள்.

அடுத்தது பேட்டரி. நான் மூன்று முறை பிரித்துக் கட்டியது இதற்காகத்தான். பை போர்டு 50 கிராம்கூட இல்லை. நான்கு செல்கள் சேர்ந்தால் 180 கிராம் வரும். முதலில் அவற்றைத் திரைக்குப் பின்னால் வைத்தேன். மேசையில் நன்றாக நின்றது, மடிக்கு வந்ததும் பின்பக்கம் சாய்ந்தது. உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தபடியே தட்டியதில் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. சரி என்று கீபோர்டுக்கு அடியில் மாற்றினேன். சாய்வது நின்றது, மணிக்கட்டு வலிக்க ஆரம்பித்தது. 18650 என்ற பெயரிலேயே அளவு இருக்கிறது: 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம். ஹோல்டர், மூடி, கீபோர்டு என்று அடுக்கியதில் முன்விளிம்பு 4 செ.மீ. உயர்ந்துவிட்டது, கை எந்நேரமும் மேல்நோக்கி மடங்கியே இருந்தது.

இப்போது நான்கு செல்களும் கீபோர்டுக்கும் திரைக்கும் நடுவே ஒரே வரிசையில் படுத்திருக்கின்றன. திரையின் கீலையும் பின்விளிம்பிலிருந்து 3 செ.மீ. முன்னால் தள்ளிப் போட்டேன். திரையை முழுதாகத் திறந்து, தொடைமேல் வைத்து, இரண்டு கையையும் எடுத்துப் பாருங்கள். அசையாமல் நின்றால் பெட்டியை பிரிண்ட் செய்யலாம்.

கீபோர்டில் என் தேர்வு, உயரம் குறைந்த சுவிட்சுகள் உள்ள 60 சதவீத கீபோர்டு, அதாவது தனி எண்பலகை இல்லாமல் மேலே எண் வரிசை மட்டும் உள்ள சிறிய கீபோர்டு. எண் வரிசையும் இல்லாத 40 சதவீதம் பார்க்க அழகு. ஆனால் எண்களுக்குக்கூட இன்னொரு விசையைச் சேர்த்து அழுத்த வேண்டும், விரல் சீக்கிரம் களைத்துவிடும்.

திரை 800×480 பிக்சல் என்றால், கட்டளைகளைத் தட்டும் டெர்மினல் சாளரத்தில் 10×20 பிக்சல் எழுத்துரு வையுங்கள். சரியாக வரிக்கு 80 எழுத்து, மொத்தம் 24 வரி வரும். விடி100 என்ற பழைய கணினி முனையத்தின் அதே அளவு. இதைவிடச் சிறிதாக வைத்தால் கழுத்து தானாகத் திரையை நோக்கிக் குனியும்.

பின்சேர்க்கை: மடியில் வைத்தால் கணினியின் வேகம் குறைகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். காற்றுத் துளைகள் அடியில் இருந்தால் துணி அடைத்துக்கொள்ளும். சூடு 80 டிகிரி செல்சியஸை நெருங்கியதும் பை தன் வேகத்தைத் தானே குறைக்கும். துளைகளைப் பக்கவாட்டில் போடுங்கள். என் பெட்டியிலும் அப்படியே மாற்றிவிட்டேன்.