இரண்டாம் முறை ஆண்குறி இம்பிளான்ட்: குணமாகும் நாட்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விறைப்பு வருவதற்காக ஆண்குறிக்குள் முன்பு பொருத்தியிருந்த இம்பிளான்ட் என்ற செயற்கைக் கருவி பழுதாகி, அதை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்திக்கொண்டவர்கள் குணமாகும் நாட்களில் செய்கிற தவறுகளில் பல, ‘இதெல்லாம் ஏற்கெனவே பட்டு முடித்ததுதானே’ என்ற ஒரே எண்ணத்திலிருந்து கிளைத்தவை. பட்டு முடித்தது உண்மைதான். ஆனால் அன்றிருந்த உடல் இன்று இல்லை. பழைய கருவியைச் சுற்றி உடல் தழும்புத் திசுவால் ஓர் உறையைக் கட்டியிருக்கும். மருத்துவர் அந்த உறைக்குள்ளும் அதன் ஓரங்களிலும்தான் கத்தி வைத்திருப்பார். இடைப்பட்ட ஆண்டுகளில் வயது ஏறியிருக்கும், சிலருக்கு நீரிழிவு வந்திருக்கும், சிலர் ரத்தத்தை இளக்கும் மாத்திரை எடுக்கத் தொடங்கியிருப்பார்கள். சென்ற முறை பத்து நாளில் எழுந்து நடமாடியவர் இந்த முறையும் அப்படியே நடமாடலாம் என்று கணக்குப் போடுவதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

தமக்கு என்ன செய்யப்பட்டது என்பதைக் கேட்டுக்கொள்ளாமலே வீடு திரும்புவது இதையொட்டிய தவறு. 1973-இல் அமெரிக்க மருத்துவர் பிரான்ட்லி ஸ்காட்டும் அவருடைய குழுவினரும் அறிமுகப்படுத்திய ஊதக்கூடிய கருவியின் அமைப்பே இன்றும் அடிப்படையாக உள்ளது: ஆண்குறிக்குள் இரண்டு சிலிண்டர்கள், விதைப்பைக்குள் ஒரு பம்ப், அடிவயிற்றில் உப்புநீர் நிரம்பிய ஒரு பை, இவற்றை இணைக்கும் குழாய்கள். பம்பை அழுத்தினால் பையிலுள்ள நீர் சிலிண்டர்களுக்குள் போய் விறைப்பு வரும்; நீர் பைக்குத் திரும்பினால் தளரும். மாற்று அறுவையில் சிலருக்கு எல்லாப் பாகங்களும் மாற்றப்படும். சிலருக்குப் பழைய நீர்ப்பையை எடுப்பது ஆபத்து என்று கருதி, அதிலுள்ள நீரை மட்டும் வடித்துவிட்டு அங்கேயே விட்டுவிடுவார்கள். இதை அறியாதவர் பிற்காலத்தில் வேறு காரணத்துக்காக வயிற்றை ஸ்கேன் எடுக்கும்போது, அந்தப் பையை நீர்க்கட்டி என்று யாராவது சொல்லக் கேட்டுக் கலங்கிப்போக நேரும். புதிய கருவியின் பெயர், மாடல், எதை மாற்றினார்கள், எதை விட்டுவைத்தார்கள் என்ற விவரங்களை எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் மருத்துவமனையை விட்டுக் கிளம்ப வேண்டும்.

தொற்றைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. முதல் முறை பொருத்தும்போது 100 பேரில் ஏறத்தாழ 1 முதல் 3 பேருக்குத் தொற்று ஏற்படலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. மாற்றிப் பொருத்தும்போது அந்த ஆபத்து கூடுகிறது. பழைய கருவி வெளிப்பார்வைக்குச் சுத்தமாகவே இருந்தாலும், அதன் மேற்பரப்பில் பாக்டீரியாக்கள் மெல்லிய படலமாக ஒட்டி வாழ்வதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால்தான் அறுவையின்போது அந்த இடத்தை மருந்து கலந்த திரவத்தால் பலமுறை அலசுகிறார்கள். ஆன்டிபயாட்டிக் பூசிய கருவிகளையோ, பொருத்துமுன் மருந்தில் தோய்த்தெடுக்கும் கருவிகளையோ பயன்படுத்துகிறார்கள். இவ்வளவுக்குப் பிறகும் மிஞ்சும் ஆபத்தை வீட்டிலிருப்பவர்தான் கவனித்துப் பிடிக்க வேண்டும்.

இங்கே நடக்கும் முதன்மையான தவறு, காய்ச்சல் இல்லையே என்று நிம்மதி அடைவது. வீரியம் குறைந்த சில பாக்டீரியாக்கள் காய்ச்சலையோ சீழையோ காட்டாமல், பல வாரங்களோ மாதங்களோ கழித்து, விடாத வலியாக மட்டுமே தம்மை வெளிப்படுத்தும். தணிந்துகொண்டே வந்த வலி மறுபடி ஏறினால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்னோர் அறிகுறியைத் தொட்டே அறியலாம். வீக்கம் வடிந்தபின், வெந்நீரில் குளித்து விதைப்பைத் தோல் தளர்ந்திருக்கும் வேளையில், பம்பை இரண்டு விரல்களால் மெல்லப் பற்றிப் பாருங்கள். அதன்மேல் உள்ள தோல் வழுக்கிக்கொண்டு தனியே நகர வேண்டும். தோல் பம்போடு ஒட்டிக்கொண்டு இரண்டும் ஒன்றாகவே அசைந்தால், அந்த இடம் சிவந்தோ சூடாகவோ இருந்தால், தோல் மெலிந்து உள்ளிருக்கும் குழாயின் வடிவம் தெரிந்தால், அன்றே மருத்துவரை அழைக்க வேண்டும்.

அந்த நேரத்தில் மருந்துக்கடையில் கேட்டோ, வீட்டில் மிச்சமிருந்ததை எடுத்தோ ஆன்டிபயாட்டிக் போட்டுக்கொள்வதை இந்த வரிசையிலேயே மிகக் கேடான தவறாக நான் கருதுகிறேன். கருவியில் படிந்த படலத்தை மாத்திரை பெரும்பாலும் அழிப்பதில்லை. அறிகுறிகளை மட்டும் மங்கச் செய்து நாட்களைத் தின்றுவிடுகிறது. சீக்கிரம் வருபவருக்கு, தொற்றிய கருவியை முழுவதும் எடுத்து, உள்ளே அலசி, அதே அறுவையில் வேறொன்றைப் பொருத்தும் வாய்ப்புப் பல நேரங்களில் இருக்கிறது. தாமதித்து வருபவருக்குக் கருவியை எடுத்துவிட்டுக் காத்திருப்பதைத் தவிர வழியில்லாமல் போகலாம். அந்த இடைவெளியில் உள்ளே தழும்பு இறுகி, உறுப்பின் நீளம் குறைந்து, அடுத்த அறுவை மேலும் கடினமாகிவிடும்.

வீக்கத்தையும் கன்றிப்போன நிறத்தையும் கண்டு வீணாகப் பயப்படுவதும் உண்டு, பயப்பட வேண்டிய இடத்தில் அலட்சியமாக இருப்பதும் உண்டு. முதல் நாட்களில் விதைப்பை கருநீலமாகிப் பெருத்திருப்பதும், அந்த நிறம் தொடைப்பக்கம் இறங்கிப் பின்பு பச்சையும் மஞ்சளுமாக வெளுப்பதும் இயல்பானவை. ஆனால் சில மணி நேரத்துக்குள் வீக்கம் ஏறிக்கொண்டே போய், தொட்டால் கல்போல் இறுகினால், உள்ளே ரத்தம் கட்டுகிறது என்று பொருள். தேங்கிய ரத்தம் கிருமிகள் வளர ஏற்ற இடமாகவும் ஆகிவிடும். ஐஸைத் துணியில் சுற்றாமல் நேராகத் தோலில் வைப்பதும் கேடு; உணர்ச்சி மரத்திருக்கும் தோல் குளிரால் வெந்துபோவதை நோயாளியே உணர மாட்டார். ரத்தத்தை இளக்கும் மாத்திரையை எப்போது மீண்டும் தொடங்குவது என்பதை மருத்துவர் சொல்லித்தான் முடிவு செய்ய வேண்டும். முன்கூட்டித் தொடங்கினால் கசிவு, தானாகவே தள்ளிப்போட்டால் இதயத்துக்கோ மூளைக்கோ ஆபத்து.

உறுப்பை வைத்துக்கொள்ளும் நிலையைப் பலர் பொருட்படுத்துவதில்லை. புதிய சிலிண்டர்களைச் சுற்றித் திசு இறுகும் வாரங்களில் உறுப்பு கீழ்நோக்கித் தொங்கியே இருந்தால், வளைவு அப்படியே நிலைத்துவிடலாம் என்பதால், அதை அடிவயிற்றின்மீது மேல்நோக்கிப் படியுமாறு வைத்து, இறுக்கமான உள்ளாடையால் தாங்கிக்கொள்ளச் சொல்வது பல மருத்துவர்களின் வழக்கம். இரண்டு நாள் அப்படிச் செய்துவிட்டு, அசௌகரியமாக இருக்கிறது என்று தளர்வான உடைக்கு மாறிவிடுபவர்கள்தான் பின்னால் வருந்துகிறார்கள்.

பம்பைப் பொறுத்தவரை இரண்டு எதிரெதிரான தவறுகள் உள்ளன. பழக்கப்பட்டவர் என்பதால் ‘வேலை செய்கிறதா பார்ப்போம்’ என்று முதல் வாரத்திலேயே அழுத்திப் பார்ப்பது ஒன்று. மருத்துவர் வேறுவிதமாகச் சொல்லாத வரையில், இந்த நாட்களில் சிலிண்டர்கள் தளர்ந்தும் அடிவயிற்றுப் பை நிரம்பியும் இருப்பதுதான் நல்லது. நிரம்பிய பையைச் சுற்றித் திசுவுறை உருவானால்தான் அதற்குப் போதிய இடம் கிடைக்கும். பை பாதி காலியாக இருக்கும்போதே உறை இறுகிவிட்டால், நீர் தானாகவே சிலிண்டருக்குள் தள்ளப்பட்டு, வேண்டாத நேரத்தில் விறைப்பு தோன்றும். மற்றொரு தவறு, பயத்தில் அந்தப் பக்கமே கையைக் கொண்டுபோகாமல் இருப்பது. பம்ப் விதைப்பைக்குள் மேலேறி நின்றுவிடாதிருக்க, அதைத் தினமும் மெல்லக் கீழ்நோக்கி இழுத்துவிடும்படி பல மருத்துவர்கள் சொல்கிறார்கள். எந்த நாளிலிருந்து அதைத் தொடங்கலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கருவியை ஊதித் தளர்த்தும் பயிற்சி பொதுவாக 3 முதல் 6 வாரங்களுக்குள் தொடங்கும். அப்போது பழைய கருவியின் பழக்கம் குறுக்கே நிற்கும். முந்தைய கருவியில் பம்பின் பக்கவாட்டை வெகுநேரம் அழுத்திப் பிடித்து நீரை வடித்தவருக்கு, புதியதில் ஒரு பொத்தானைச் சில நொடி அழுத்தினாலே போதும் என்பது பிடிபடச் சற்று நாளாகும். பிடிபடாமல் திரும்பத் திரும்ப நசுக்கி வீக்கத்தை வரவழைத்துக்கொள்கிறார்கள். முதல் சந்திப்பில் மருத்துவர் முன்னிலையில் தம் கையாலேயே ஒருமுறை முழுவதும் ஊதி, முழுவதும் தளர்த்திக் காட்டிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு பயிற்சியை வலிக்கிறது என்று ஒத்திப்போட்டுக்கொண்டே போனால், சிலிண்டரைச் சுற்றிய உறை சுருங்கி இறுகிவிடும்.

கனமான பொருள் தூக்குவது, முக்கி மலம் கழிப்பது, தண்ணீரில் மூழ்கிக் குளிப்பது, புகைப்பது ஆகியவற்றை அனுமதி வரும்வரை விட்டுவிட வேண்டும் என்பது பலருக்கும் தெரிந்ததே. வீரியமான வலி மாத்திரைகள் மலச்சிக்கலை உண்டாக்கும் என்பதால் அதற்கான மருந்தை முன்னதாகவே கேட்டு வாங்குவது மட்டும் பலருக்கு நினைவுக்கு வருவதில்லை. நீரிழிவு உள்ளவர்கள் அறுவை முடிந்தபின் சர்க்கரை அளவைப் பார்ப்பதை விட்டுவிடுவது, காயம் ஆறும் அந்த வாரங்களில் தமக்குத் தாமே செய்துகொள்ளும் தீங்கு.

உடலுறவுக்கு ஏறக்குறைய 6 வாரங்கள் காத்திருக்கச் சொல்வார்கள். பம்ப் வேலை செய்வதைக் கண்டவுடன், வெளித்தையல் ஆறிவிட்டதை வைத்து உள்ளும் ஆறிவிட்டது என்று எண்ணி அவசரப்பட வேண்டாம். முதல் சில வாரங்களில் நீளத்தை அளந்து பழைய நாட்களோடு ஒப்பிட்டு மனம் உடைவதும் வேண்டாம். வீக்கம் இருக்கும்வரை எந்த அளவும் சரியான அளவாகாது. கருவி உறுப்பின் தண்டுக்குத்தான் விறைப்பைத் தருகிறது, மொட்டுப் பகுதிக்கு அல்ல. அது மென்மையாகவே இருப்பது கோளாறு அன்று. இவற்றைத் துணைவியிடம் சொல்லாமல் மறைத்துக்கொண்டு தனியே தவிப்பவர்களை நினைக்கும்போது வருத்தமாக இருக்கிறது. முதல் சந்திப்புக்கே அவரையும் அழைத்துச் சென்றால், கேட்கக் கூச்சப்பட்ட பாதிக் கேள்விகள் அங்கேயே தீர்ந்துவிடும்.

பிற்காலத்தில் வேறு நோய்க்காக வேறொரு மருத்துவமனையில் சேரும்போது கருவி இருப்பதைச் சொல்லாமல் விடுவதும் இந்தக் கூச்சத்தினால்தான். அங்கே சிறுநீர்க் குழாய் செருகும்போது கருவி தளர்ந்த நிலையில் இருக்க வேண்டும், எம்.ஆர்.ஐ. எடுக்குமுன் மாடலைப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். மயக்கத்தில் இருக்கும்போது நீங்களே சொல்ல முடியாது என்பதால், கருவியின் பெயரும் மாடலும் குறித்த அட்டை எங்கே இருக்கிறது என்பது வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.